அன்னம்மாள் கோயிலுக்கு வருவார்கள், உங்கள் சாட்சியைக் கேட்க மாட்டார்கள்: ஏன்?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞரின் கேள்வி இது. இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், ஒரே மகன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஒரு சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். குடி நின்றது, கடன் அடைந்தது, வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது. ஆனால் இயேசு என்ற பெயரை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறாராம். அத்தை அழுகிறாராம். வேலையிடத்து நண்பர்கள் ‘ஆரம்பித்துவிட்டான்’ என்று கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்களாம். “நான் யாரையும் திட்டவில்லை, யாரிடமும் காசு கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த நல்லதைச் சொன்னால் ஏன் இவ்வளவு வெறுப்பு?” என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா வழியில் நாங்கள் நான்கு தலைமுறையாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அம்மா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மறைக்கல்வி நடத்தினேன். ஆகவே முகம் சுளிப்பவர்களையும் தெரியும், சுளிக்க வைப்பவர்களையும் தெரியும். இரண்டு தரப்பும் என் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் போதகர் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பார். உலகம் உங்களைப் பகைக்கும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், எனவே இது நீங்கள் சரியான பாதையில் போவதற்கு அடையாளம் என்பார். வசனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஊரைவிட்டும் தொழுகைக்கூடத்தைவிட்டும் துரத்தப்படப் போகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல். உங்களைத் தூக்கி வளர்த்த அத்தையின் கண்ணீரை அந்தக் கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஜூலை 26-ஐ ஒட்டிய நாள்களில் ஒருமுறை புக்கிட் மெர்தாஜம் போய்ப் பாருங்கள். புனித அன்னம்மாள் திருவிழா. மலையடிவாரம் முழுக்க மெழுகுவர்த்தி எரியும். சீனர்களும் தமிழர்களும் ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் கூட்டத்தில் நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக நிற்கிற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், விரல் போதாது. பிள்ளை வரம் கேட்டு, பரீட்சைக்கு நேர்ந்து, ஆபரேஷனுக்கு முன் வேண்டிக்கொண்டு வந்தவர்கள். கிறிஸ்துவின் பாட்டி முன்னால் கைகூப்பி நிற்க அவர்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. இவர்களே, கையில் கைப்பிரதியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் கம்பிக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

என் சின்னம்மா அப்படிப்பட்டவர். சாகும்வரை இந்து. ஆண்டு தவறாமல் அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஒருநாள் ஜெபம் செய்ய வந்த இரண்டு பெண்களுக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் பேச்சைத் தொடங்குவதற்குள் அன்பாகவே வழியனுப்பி வைத்தார். அன்னம்மாளிடம் மட்டும் போகிறீர்களே என்று கேட்டேன். “அந்த அம்மா என்னை எதையும் விடச் சொன்னதில்லையே” என்றார்.

உங்கள் கேள்விக்கு நான் எழுதப் போவதெல்லாம் இந்த ஒரு வரிக்கு விரிவுரைதான்.

ஒரே மகன் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்கள் சபையில் மதம் என்றால் எதை விசுவாசிக்கிறாய் என்ற கேள்வி. உங்கள் அப்பாவுக்கு அது யார் யாருக்கு என்ன செய்யக் கடன்பட்டவர் என்ற கேள்வி. நீங்கள் ‘இயேசு என் பாவத்தை மன்னித்தார்’ என்று தொடங்கும்போது அவர் காதில் விழுவது, ‘அப்பா, உங்களுக்கு நான் கொள்ளி வைக்க மாட்டேன், மொட்டை போட மாட்டேன், பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார மாட்டேன்’ என்பது. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார். தன் சாவைப் பற்றி மகனிடம் பேரம் பேச எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அத்தையின் அழுகைக்கும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. அண்மையில் அவர் நீட்டிய பிரசாதத்தை வேண்டாம் என்றிருப்பீர்கள், அல்லது வெள்ளிக்கிழமை திருநீறு வைக்க வந்த கையை விலக்கியிருப்பீர்கள். படைத்ததை உண்ணலாமா என்ற வழக்கு புதிதில்லை. கொரிந்து நகரத்துச் சபையாருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்திலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. சிலை ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்குச் சோறு வெறும் சோறுதான் என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, பலவீனமான சகோதரன் இடறக்கூடாதே என்று மறுபக்கம் பவுலே தயங்குகிறார். உங்கள் சபை எந்தப் பக்கம் நிற்கிறதோ அது உங்கள் பாடு. ஆனால் அத்தை நீட்டியது இறையியலை அல்ல, சர்க்கரைப் பொங்கலை. விடியற்காலை எழுந்து, குளித்து, உங்களுக்குப் பிடிக்கும் என்று முந்திரி கூடப் போட்டிருப்பார். நீங்கள் விலக்கியது விக்கிரகத்தை என்று நினைத்தீர்கள். அவருக்கு அது தன் கையை. எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணன் பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்தால் அப்பா ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துக்கொள்வார். பங்குச் சாமியாரிடம் அவர் அதைப் பாவமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மச்சான்மார் உறவு மட்டும் கடைசிவரை கெடவில்லை.

இனி நாட்டு நிலைமை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து இதை எழுதினால் இந்தப் பத்தியே தேவைப்படாது. மலேசியாவில் மதம் மாறுதல் என்ற சொல்லில் நீதிமன்ற வாசனையும் பிணவறை வாசனையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1997-இல் எவரெஸ்ட் ஏறிய மலேசியக் குழுவில் இருந்தவர் மூர்த்தி. 2005 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் இறந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று ஷரியா நீதிமன்றம் சொன்னது. தெரியாது, அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி சொன்னார். தனக்கு அதிகாரமில்லை என்று உயர்நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ள, அன்றைக்கே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் நடந்துவிட்டது. பிறகு ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற இந்துத் தாய். கணவர் 2009-இல் மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் இஸ்லாத்துக்கு மாற்றிவிட்டார். அது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி ஆயிற்று.

இதற்கும் கிறிஸ்தவர்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒருமுறை சுட்ட கை, அடுப்பு வேறாக இருந்தாலும் சுருங்கும். ஒரு பக்கம் சட்டம் தங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகிறது என்று நினைக்கிற மக்களிடம், மறுபக்கத்திலிருந்து நீங்கள் புன்னகையோடு வருகிறீர்கள். முன்னதை அவர்களால் தட்டிக்கேட்க முடியாது. உங்களிடம் கோபப்பட முடியும். பிற மதங்களை முஸ்லிம்களிடம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே நம் ஊழியக்காரர்களுக்குத் திறந்திருக்கிற வாசல்கள் பெரும்பாலும் இந்து வீட்டு வாசல்களும் சீனர் வீட்டு வாசல்களும்தான். ‘மலாய்க்காரர் கம்போங்குக்குப் போய்ச் சொல்லிப் பாருங்களேன்’ என்று என் மாமா ஒரு பாஸ்டரிடம் கேட்டார். குதர்க்கம்தான். ஆனால் அதற்குள் இருந்த காயம் குதர்க்கம் இல்லை.

எண்ணிக்கையும் ஒரு வேலை செய்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு. கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக்கில் இருக்கிறார்கள் என்பது தனிக்கதை. ஆனால் இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை தலைகீழ். 2010 கணக்கில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் வெறும் 6 விழுக்காடு. உங்கள் சபையில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் ஒரு சின்னக் கூட்டம், உங்களை ஒதுக்குகிறார்கள் என்று தோன்றும். உங்கள் அப்பா செய்தித்தாளை விரித்தால் தன் இனமே கரைந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். இரண்டு பேரும் தங்களைச் சிறுபான்மை என்று நினைத்துக்கொண்டு ஒரே மேசையில் பசியாறுகிறீர்கள்.

இந்தச் சண்டை பழையது. யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் மெதடிஸ்ட் பாதிரியார் பீட்டர் பெர்சிவலுக்கு விவிலியத்தைத் தமிழாக்கம் செய்ய உதவியவர். உதவிய அதே மனிதர் 1848-இல் பாதிரிமார் பள்ளி வேலையை உதறி வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். 1854-இல் மிஷனரிகளின் பழிப்புகளுக்கு மறுப்பாக ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். பாதிரிமாரின் அச்சகம், பள்ளிக்கூடம், பிரசங்கம் என்று எல்லா ஆயுதங்களையும் அவர்களிடமே கற்று அவர்களையே எதிர்த்து நின்றார். அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள்தான் பின்னாளில் மலாயா ரயில்வேக்கும் நில அளவைக்கும் குமாஸ்தாக்களாக வந்தார்கள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினார்கள், ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலைக் கட்டினார்கள். கப்பலில் பெட்டியோடு நாவலரின் வாதங்களும் வந்து இறங்கின. தோட்டத்து மக்கள் நாவலரைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் ‘வேதத்துக்குப் போய்விட்டான்’ என்று சொல்லும்போது, ஊரைவிட்டுப் போனவனைச் சொல்கிற தொனி அவர்கள் பேச்சிலும் இருந்தது.

நாவலர் அவ்வளவு கொதித்ததற்கு ஒரு பெரிய காரணம் சொற்கள். நம் பழைய பிரசங்கத் தமிழை எடுத்துப் பாருங்கள்: அஞ்ஞானிகள், அந்தகாரம், பேய் வணக்கம், விக்கிரக ஆராதனை. சைவ சித்தாந்தம் படித்த ஒருவருக்கு ஞானம் என்பது சரியை, கிரியை, யோகம் தாண்டி அடைகிற நிலை. அவரைப் பார்த்து, நேற்று வந்த ஒருவர் அஞ்ஞானி என்றால் எப்படி இருக்கும்? அதுவும் அவருடைய சொல்லையே எடுத்து! உண்மையைச் சொன்னால் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கவே நம்மவர்கள் நெடுங்காலம் தடுமாறினார்கள். 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டில் சர்வேசுரன். பிறகு வந்த மொழிபெயர்ப்பில் பராபரன். அதற்குப் பிறகு தேவன். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள். நாமே முடிவுக்கு வர இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட விஷயத்தை, மற்றவர் ஒரு மதிய உணவு இடைவேளையில் ஒப்புக்கொள்ளவில்லை என்று நொந்துகொள்வது கொஞ்சம் அதிகம்தான்.

உங்கள் சாட்சிப் பேச்சிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘சபைக்குப் போனேன், கடன் அடைந்தது’ என்கிறீர்கள். குடியை விட்டதால் மிச்சமான பணத்தில் கடன் அடைந்தது என்று உங்களுக்குத் தெரியும். கேட்பவர், சபையே கடனை அடைத்து ஆளை வாங்கிவிட்டது என்று நினைப்பார். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு நூறு ஆண்டுகளாக நம் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் சாதி ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயிலுக்குள் விடாதவர்கள், வேறு கோயிலுக்குப் போனவனைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தார்கள். பசித்தவனுக்குச் சோறும் மரியாதையும் ஒரே இடத்தில் கிடைத்தால் அவன் அங்கே போவதில் என்ன இழிவு என்று நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இருந்தாலும் பொருளாதார லாபத்தை முன்னால் வைத்து இயேசுவைச் சொல்லாதீர்கள். விற்பனைப் பேச்சு போலக் கேட்கிறது. நேரடி விற்பனைக்காரர்களிடம் நம் மக்கள் ஏற்கெனவே போதுமான அளவு அடிபட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனைக் கதை ஒன்று. என் தாய்மாமன் கடைசி நாள்களில் படுத்திருந்தபோது, பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வந்த ஒரு ஜெபக்குழு இவரிடமும் வந்தது. நல்லவர்கள்தான். காலைப் பிடித்துவிட்டார்கள், கண்ணீரோடு ஜெபித்தார்கள். மாமாவும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஓர் அம்மாள் அவர் மணிக்கட்டைக் காட்டி, அந்தக் கயிற்றைக் கழற்றிவிட்டால் விடுதலை முழுமையாகும் என்றார். மாரியம்மன் கோயிலில் மந்திரித்து என் அத்தை கட்டிய கறுப்புக் கயிறு. அத்தை அதுவரை ஒரு சொல் பேசவில்லை. அந்த நொடியில் எழுந்து நின்று, “போய்விடுங்கள்” என்றார். நான் கிறிஸ்தவன், எனக்கே காது சுட்டது. ஐந்து நிமிடத்துக்கு முன் எழுந்து போயிருந்தால் அந்த மனிதர்களை எங்கள் குடும்பம் இன்றுவரை நன்றியோடு நினைத்திருக்கும்.

இதே பினாங்கில் சேவியர் பள்ளியும் லைட் ஸ்திரீட் கான்வென்டும் 1852-இலிருந்து நடந்திருக்கின்றன. அங்கே படித்த இந்துக்களிடம் பிரதர்களையும் கன்னியாஸ்திரிகளையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரம்படியைக்கூடப் பெருமையாகச் சொல்வார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களை ஏமாற்றக்கூடாது. பேச்சுமுறையைத் திருத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. நம் விசுவாசத்தின் நடுவிலேயே ஒரு முள் இருக்கிறது: அவர் ஒருவரே வழி. எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அது குத்தும். என் வகுப்பில் படித்த ஒரு பெண் கேட்டாள்: “சார், அப்படியென்றால் என் ஆத்தா எங்கே இருக்கிறாள்?” ரப்பர் மரம் சீவி ஆறு பிள்ளைகளை வளர்த்து, இயேசுவின் பெயரைக் கேட்காமலே செத்துப்போன ஆத்தா. சில சபைகளில் இதற்குத் தயங்காமல் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலைக் கேட்டவர் திரும்பி வராததில் எனக்கு ஆச்சரியமில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் தான் தள்ளிவிடுவதில்லை என்று அறிவித்தது. அந்த ஏட்டில் இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆத்தாவைக் கடவுள் கைவிடமாட்டார் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்கள் சபைக்கு அது போதாமல் இருக்கலாம். ஆனால் யாராவது முகத்தைத் திருப்பும்போது, அவர் தன் ஆத்தாவின் பக்கம் நிற்கிறார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

எதிர்த்தரப்பை நான் முழுக்க மன்னித்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். ‘அல்லேலூயா வருகிறான்’ என்று கேலி செய்வது, சபைக்குப் போகிறாள் என்று மகளை வீட்டில் பூட்டி வைப்பது, பெயர் தெரியாமல் கைப்பேசியில் வசை அனுப்புவது, இவற்றுக்கெல்லாம் வரலாற்றுக் காயம் என்று பெயர் சூட்டி நான் பரிந்து பேசமாட்டேன். உங்களுக்கு நம்பவும் உரிமை உண்டு, நம்புவதைச் சொல்லவும் உரிமை உண்டு. அதே 11-ஆம் பிரிவு அதையும் சொல்கிறது.

வேலையிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலாய் நண்பர்கள் பேச்சை மாற்றுவது பகையால் அல்ல. சட்டமும் சமூகமும் அவர்களுக்குப் போட்ட கோடு அது. நீங்களும் அதைத் தாண்டாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது. ஹெரால்ட் என்ற கத்தோலிக்க இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க ‘அல்லா’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 2009-இன் கடைசி நாளில் உயர்நீதிமன்றம் சொன்னபின், 2010 ஜனவரியில் தேவாலயங்கள் தாக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள். நீங்கள் தொழிற்சாலையில் சத்தமாகச் சாட்சி சொன்னால் முதலில் முழங்கையால் இடிப்பவர் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்தவராகத்தான் இருப்பார். மற்ற நண்பர்கள் சலிப்பதற்குக் காரணம், மூன்றாண்டுகளாக நீங்கள் அவர்கள் கதையைக் கேட்டதைவிட உங்கள் கதையை அதிகம் சொல்லியிருப்பீர்கள் என்பதுதான் என் ஊகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பாட்டியின் திதி வருகிறது என்றும், போன ஆண்டு அன்றைக்கு வேண்டுமென்றே இரவு ஷிப்ட் எடுத்துக்கொண்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆண்டு லீவு எடுங்கள். சாமி கும்பிட வேண்டாம், படையலைத் தொட வேண்டாம், மனச்சாட்சிக்கு ஒவ்வாத எதையும் செய்ய வேண்டாம். முதல் நாளே அப்பாவிடம், “நான் இருக்கிறேன், கும்பிட மட்டும் மாட்டேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிறகு சந்தைக்குப் போவது, நாற்காலி இறக்குவது, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் உங்கள் வேலை. வாழையிலை நறுக்குவதற்கு எந்தச் சபையும் தடை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் பாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு இயேசுவைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள். அப்பா கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.